ஏசிங்க் நிரலில் டாஸ்க் தொங்கினால், தொலைந்தால், தடம் மாறினால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஏற்காட்டைச் சுற்றி நாகலூர், செம்மநத்தம், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடைப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் 48 மழைமானிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாம் 4ஜி மோடம் வழியாகப் பேசுபவை. சில இடங்களில் ஒரே மோடத்துக்குப் பின்னால் மூன்று நான்கு மானிகள் தொங்கும். சேலத்தில் இருக்கும் சர்வர் 5 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா மானிகளையும் கேட்டு, அளவை டேட்டாபேஸில் எழுதி, மழை தொடங்கிய தோட்டத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். பறிப்புக் காலத்தில் களத்தில் பழம் காய்ந்துகொண்டிருக்கும். செய்தி பத்து நிமிடம் தாமதித்தால் தார்ப்பாய் போடுவதற்குள் நனைந்துவிடும்.

கீழே உள்ளதெல்லாம் இந்த ஒரே நிரலை வைத்துச் சொன்னது. மொழி பைத்தான் 3.11 அல்லது அதற்குப் பிந்தையது, லைப்ரரி ஏசிங்க்ஐஓ. ஒரு வேலை பதிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் இன்னொரு வேலையை ஓட்டும் முறைதான் ஏசிங்க். அப்படி ஓடும் ஒவ்வொரு வேலையும் ஒரு டாஸ்க், அவற்றை மாற்றி மாற்றி ஓட்டுவது ஈவென்ட் லூப். மழைமானிக்குப் பதில் மண்டி விலையோ வங்கிச் சேவையோ இருந்தாலும் கோளாறுகள் இவைதான்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் நிரலில் உள்ள ஒவ்வொரு டாஸ்க்கையும் பார்த்து மூன்று கேள்வி கேளுங்கள். இது முடியும்வரை யார் காத்திருக்கிறார்கள்? எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள்? இது தவறினால் யாருக்குத் தெரியும்? ஏதாவது ஒன்றுக்குப் பதில் வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

## தேடத் தொடங்கும் முன்

டீபக் முறையைப் போடுங்கள். ஏசிங்க்ஐஓவின் ‘ரன்’ அழைப்பில் ‘டீபக்’ மதிப்பை ‘ட்ரூ’ ஆக்கினால் போதும். ஈவென்ட் லூப்பை 0.1 நொடிக்கு மேல் பிடித்துவைத்த இடம் எல்லாம் எச்சரிக்கையாகப் பதிவில் (லாக்கில்) விழும். வேகம் குறையும் என்பதால் கோளாறு பிடிபட்டதும் எடுத்துவிடுங்கள்.

டாஸ்க்குக்குப் பெயர் வையுங்கள். ‘கிரியேட் டாஸ்க்’ அழைக்கும்போதே ‘நேம்’ என்பதில் ‘நாகலூர்-3’ என்று கொடுத்துவிட்டால், நள்ளிரவில் பதிவைப் பார்ப்பவர் ‘டாஸ்க்-117’ யார் என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

பதிவில் ஒவ்வொரு மானிக்கும் மூன்று நேரங்கள் வேண்டும்: வரிசையில் நின்ற நேரம், உண்மையில் வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம். பலர் கடைசி இரண்டை மட்டும் எழுதுவார்கள். முதலாவது ஏன் முக்கியம் என்பது “48ல எட்டு மட்டும்தான் வருது” பகுதியில் தெரியும்.

## “ஓடுது, ஆனா ஒண்ணுமே நடக்கல”

நிரல் பிழையில்லாமல் முடிகிறது, டேட்டாபேஸில் ஒரு வரிகூட இல்லை. திரையில் ‘கொரூட்டீன் வாஸ் நெவர் அவெய்ட்டட்’ என்ற எச்சரிக்கை ஓரமாக இருக்கும். ‘ஏசிங்க் டெஃப்’ போட்ட ஃபங்ஷனை அழைத்தால் அது ஓடாது. ஓடத் தயாராக ஒரு கொரூட்டீன் கையில் கிடைக்கும், அவ்வளவுதான். முன்னால் ‘அவெய்ட்’ போடுங்கள், அல்லது டாஸ்க்காக்கி எங்காவது அதற்காகக் காத்திருங்கள்.

ஜூபிட்டர் நோட்புக்கில் ‘ரன்’ அழைத்து, ஏற்கெனவே லூப் ஓடுகிறது என்று பிழை வந்தால் அங்கே ‘ரன்’ வேண்டாம். செல்லில் நேரடியாக ‘அவெய்ட்’ எழுதலாம்.

## “ஏசிங்க் போட்டும் அதே மெதுவு”

‘ஃபார்’ சுற்றுக்குள் ஒவ்வொரு மானிக்கும் ‘அவெய்ட்’ எழுதியிருப்பீர்கள். ஒரு மானி பதில் தந்த பிறகே அடுத்ததைக் கேட்கும். மானிக்கு 2 நொடி என்றால் 48க்கு 96 நொடி. வெயில் நாளில் யாருக்கும் இது உறைக்காது. மேகம் இறங்கி, சிக்னல் தேய்ந்து, பதில் நேரம் 7 நொடியானால் 336 நொடி. 300 நொடிச் சுற்று முடிவதற்குள் வேலை முடியாது. அதாவது மழை பெய்யும் நாளில்தான் மழைச் செய்தி பிந்தும்.

முதலில் எல்லாவற்றையும் டாஸ்க்காக்குங்கள், பிறகு மொத்தமாகக் காத்திருங்கள். அதற்கு ‘கேதர்’ அல்லது ‘டாஸ்க்குரூப்’. இன்னொரு பொறி: டாஸ்க் உருவாக்கிய அடுத்த வரியிலேயே அதை ‘அவெய்ட்’ செய்தால் பழையபடி வரிசைதான். உருவாக்கும் சுற்று வேறு, காத்திருக்கும் இடம் வேறு.

## “நடுநடுவே எல்லாமே உறைஞ்சு போகுது”

ஒரு மானி மட்டும் தாமதித்தால் அது நெட்வொர்க். 48ம் ஒரே கணத்தில் நின்று, ஒரே கணத்தில் மறுபடி நகர்ந்தால் லூப்பை யாரோ மறித்திருக்கிறார்கள். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்றில் பேருந்து திரும்பும்போது நடுவில் நின்றுவிட்டால் மேலிருந்தும் கீழிருந்தும் எதுவும் நகராது. ஈவென்ட் லூப்பில் ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க்தான் ஓடும். அது ‘அவெய்ட்’ இடத்துக்கு வந்து வழிவிட்டால்தான் அடுத்தது.

மறிப்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்: ‘டைம்’ லைப்ரரியின் ‘ஸ்லீப்’, ‘ரெக்வஸ்ட்ஸ்’ லைப்ரரி, சாதாரண டேட்டாபேஸ் டிரைவர், பெரிய கோப்பைப் படிப்பது, ஆயிரக்கணக்கான வரிகளில் கணக்குப் போடும் சுற்று. டீபக் முறை போட்டிருந்தால், எந்த டாஸ்க் எத்தனை நொடி பிடித்துவைத்தது என்ற வரி பதிவில் இருக்கும்.

முதலாவதற்கு ஏசிங்க்ஐஓவின் ‘ஸ்லீப்’. இரண்டாவதற்கு ‘ஏஐஓஹெச்டிடிபி’ அல்லது ‘ஹெச்டிடிபிஎக்ஸ்’. ஏசிங்க் டிரைவர் இல்லாத டேட்டாபேஸ், கோப்பு வேலைக்கு, அதைத் தனி த்ரெட்டில் ஓட்டும் ‘டு த்ரெட்’. கனமான கணக்குக்கு த்ரெட் உதவாது. வழக்கமான பைத்தானில் கில் (ஜிஐஎல்) என்ற பொதுப் பூட்டு இருப்பதால் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் பைத்தான் வரிகளை ஓட்டும். அதற்குப் பிராசஸ் பூல் வேண்டும்.

‘டு த்ரெட்’ போட்டாயிற்று, உறைவதும் நின்றுவிட்டது, ஆனால் நெட்வொர்க் அழைப்புகள் மட்டும் காரணமில்லாமல் இழுக்கின்றன என்றால் இயல்பு த்ரெட் பூலைப் பாருங்கள். அதன் உச்ச அளவு: சிபியு எண்ணிக்கையோடு 4 கூட்டியது, 32க்கு மேல் போகாது. இரண்டு கோர் உள்ள சின்ன சர்வரில் 6 த்ரெட்தான். ஏசிங்க்ஐஓ, டொமைன் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் வேலையையும் இயல்பாக அதே பூலில்தான் தருகிறது. டேட்டாபேஸ் எழுத்து ஆறையும் பிடித்துக்கொண்டால், பெயர் தேடும் வேலை வெளியே நிற்கும். மோடம் வேகமாகவே பதில் தரும். கேள்வியே அங்கே போய்ச் சேர்ந்திருக்காது. டேட்டாபேஸுக்குத் தனியாக ஒரு ‘த்ரெட்பூல் எக்ஸிகியூட்டர்’ வைத்தால் தீர்ந்தது.

கூடவே ஒன்று: த்ரெட்டில் ஓடும் வேலையை ரத்துசெய்ய முடியாது. டைம்அவுட் போட்டால் நாம் காத்திருப்பதுதான் நிற்கும், த்ரெட் தன் வேலையை முடித்துவிட்டுத்தான் வரும்.

## “48ல எட்டு மட்டும்தான் வருது”

எல்லா மானிகளையும் ஒரே நேரத்தில் கேட்டால் எங்காவது இடிக்கும். லினக்ஸில் ஒரு பிராசஸ் திறக்கக்கூடிய கோப்பு, சாக்கெட் எண்ணிக்கைக்கு வழக்கமான மென் வரம்பு (சாஃப்ட் லிமிட்) 1024. 48ல் அது தெரியாது. ஆனால் ஒரே டவரில் தொங்கும் மோடங்கள் ஒரே கணத்தில் பேசப் போனால் எல்லாமே மெதுவாகும். எனவே செமஃபோர் வைப்பது சரிதான்: ஒரு நேரத்தில் 8 பேர் மட்டும் உள்ளே.

அதோடு 10 நொடி டைம்அவுட்டும் வைத்தீர்கள். வெயில் நாளில் 48ம் வந்தது. பதில் 6 நொடியானதும் பதிவு இப்படி மாறுகிறது:

17:00:00 நாகலூர்-1 வரிசையில்
17:00:00 நாகலூர்-1 தொடக்கம்
17:00:00 செம்மநத்தம்-2 வரிசையில்
17:00:06 நாகலூர்-1 முடிந்தது, 0.2 மிமீ
17:00:06 செம்மநத்தம்-2 தொடக்கம்
17:00:10 செம்மநத்தம்-2 டைம்அவுட்
17:00:10 மஞ்சக்குட்டை-4 டைம்அவுட்

கடைசி வரியைப் பாருங்கள். மஞ்சக்குட்டை-4 தொடங்கவே இல்லை, அதற்குள் டைம்அவுட். செம்மநத்தம்-2க்குக் கிடைத்ததோ 10 நொடி இல்லை, 4 நொடி. டைம்அவுட்டை வெளியே வைத்து, அதற்குள் செமஃபோரை வைத்ததால் வரிசையில் நின்ற நேரமும் 10 நொடிக் கணக்கில் ஓடியிருக்கிறது. முதல் எட்டு பேர் பிழைத்தார்கள். அடுத்த எட்டு பேர் 12வது நொடியில் முடிக்க வேண்டியவர்கள், 10ல் வெட்டுப்பட்டார்கள். மீதி 32 பேர் வாசலிலேயே. இதைப் பார்த்துவிட்டு மோடத்தைக் குறை சொல்லி மலையேறுபவர்கள் உண்டு.

வரிசையை மாற்றுங்கள்: வெளியே ‘ஏசிங்க் வித் செமஃபோர்’, அதற்குள் ‘ஏசிங்க் வித் டைம்அவுட்(10)’. இப்போது மோசமான நிலையைக் கணக்குப் போட முடியும். 48ஐ 8ஆல் வகுத்தால் 6 தவணை; எல்லாமே செத்துப்போனாலும் 6 × 10 = 60 நொடி. 300 நொடிச் சுற்றுக்குள் தாராளம். முழுச் சுற்றுக்கும் மேலே 240 நொடியில் இன்னொரு டைம்அவுட் போட்டுவையுங்கள், அது காப்புக்கு.

மறுமுயற்சி இருந்தால், இரண்டு முயற்சிக்கு நடுவே தூங்கும் நேரம் செமஃபோருக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே தூங்கினால், செத்த எட்டு மானிகள் எட்டு இடத்தையும் அடைத்துக்கொண்டு தூங்கும், உயிரோடு இருப்பவை வெளியே நிற்கும். தூங்கும் நேரத்தை 1, 2, 4 நொடி என்று ஏற்றி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தற்செயல் எண் கலந்துவிடுங்கள். கலக்காவிட்டால் டவர் போய் வந்ததும் எல்லா மானிகளுக்கும் ஒரே நொடியில் கேள்வி போகும், டவர் மறுபடி திணறும்.

லைப்ரரியின் இயல்பு டைம்அவுட்டை நம்ப வேண்டாம். ‘ஏஐஓஹெச்டிடிபி’யில் மொத்த டைம்அவுட் இயல்பாக 300 நொடி; நம் சுற்று முழுவதும் அதுவே. ‘ஹெச்டிடிபிஎக்ஸ்’ஸில் 5 நொடி, மலைச் சிக்னலுக்கு அது பத்தாது.

## “நாகலூர் மழை செம்மநத்தம் கணக்குல விழுது”

இருப்பதிலேயே ஆபத்தானது இதுதான், ஏனென்றால் பிழைச் செய்தியே வராது. எண் வரும், ஆனால் தவறான ஊருக்கு வரும்.

ஒரே மோடத்துக்குப் பின்னால் ஆர்எஸ்-485 வயரில் நான்கு மானிகள், மோட்பஸ் என்ற கருவித் தொடர்பு முறையில். அந்த வயரில் ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் போக முடியும். ஆனால் நான்கு டாஸ்க்குகள் ஒரே டிசிபி இணைப்பைப் பகிர்ந்துகொண்டு, ஒவ்வொன்றும் தன் கேள்வியை எழுதிவிட்டுப் பதிலைப் படிக்கக் காத்திருக்கின்றன. அதிர்ஷ்டம் இருந்தால், வேறொரு கொரூட்டீன் ஏற்கெனவே தரவுக்காகக் காத்திருக்கிறது என்று ‘ஸ்ட்ரீம்ரீடர்’ பிழை தரும். இல்லாவிட்டால் முதலில் எழுந்த டாஸ்க், முதலில் வந்த பதிலை எடுத்துக்கொண்டு போய்விடும், அது யாருடைய பதிலாக இருந்தாலும்.

ஒரு இணைப்புக்கு ஒரு பூட்டு. ஏசிங்க்ஐஓவின் ‘லாக்’ ஒன்றை ஒவ்வொரு மோடத்துக்கும் உருவாக்கி ஒரு அகராதியில் (டிக்ட்) வையுங்கள். பூட்டுக்குள் கேள்வி எழுதுவதும் பதில் படிப்பதும் இரண்டுமே இருக்க வேண்டும். எழுதுவதை மட்டும் பூட்டினால் பயனில்லை. மோடத்தின் பூட்டை முதலில் எடுத்து, பொதுச் செமஃபோரைப் பிறகு எடுங்கள். தலைகீழாகச் செய்தால், பூட்டுக்காக நிற்கும் மூன்று டாஸ்க்குகள் சும்மாவே மூன்று செமஃபோர் இடங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். முன் பகுதியில் போட்ட 60 நொடிக் கணக்கும் ஒரே மோடத்தில் நான்கு மானிகள் இருந்தால் கொஞ்சம் கூடும், அதையும் சேர்த்துப் போடுங்கள்.

பூட்டு போட்ட பிறகும் அளவுகள் ஒரு இடம் தள்ளித் தள்ளி வந்தால் காரணம் டைம்அவுட். மானி-1ஐக் கேட்டோம், 10 நொடியில் கைவிட்டோம், பூட்டைத் திறந்தோம். 11வது நொடியில் மானி-1இன் பதில் வந்து இணைப்பின் இடையகத்தில் (பஃபரில்) உட்கார்ந்துவிட்டது. இப்போது மானி-2ஐக் கேட்கும் டாஸ்க், அங்கே தயாராக இருக்கும் மானி-1இன் பதிலை எடுக்கிறது. மானி-3, மானி-2இன் பதிலை எடுக்கும். ஒரு தாமதத்துக்குப் பிறகு அந்த இணைப்பு உயிரோடு இருக்கும்வரை எல்லாமே ஒரு இடம் நகர்ந்திருக்கும். இணைப்பைத் துண்டித்து மறுபடி தொடங்கியதும் சரியாகிவிடும் என்பதால் “ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடும்” என்று விட்டுவிடுவார்கள்.

இதற்கு இரண்டு காவல் வேண்டும். டைம்அவுட் ஆன இணைப்பை அப்போதே மூடி, அடுத்த கேள்விக்குப் புதிதாகத் திறங்கள். மோட்பஸ் டிசிபி என்றால் ஒவ்வொரு கேள்விக்கும் 2 பைட் பரிமாற்ற எண் உண்டு. பதிலில் அதே எண் திரும்பி வரும். பொருந்தாத பதிலைக் குப்பையில் போடுங்கள். ஒன்று மட்டும் போதுமா என்றால், இரண்டையும் வைக்க ஐந்தாறு வரிதான் ஆகும்.

இடம் மாறுவதற்கு இன்னொரு எளிய காரணமும் உண்டு. ‘கேதர்’ தரும் பதில் வரிசை நீங்கள் கொடுத்த வரிசைதான், யார் முதலில் முடித்தாலும் மாறாது. ‘ஆஸ் கம்ப்ளீட்டட்’ தருவது முடித்த வரிசை. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும்போது மானிப் பட்டியலோடு ‘ஜிப்’ செய்த வரியை மறந்துவிடுவார்கள். ஃபங்ஷனே மானியின் பெயரையும் அளவையும் சேர்த்துத் தரட்டும்.

## “மொத்தம் குறையுது”

தனித்தனி அளவுகள் சரி, கூட்டுத்தொகை மட்டும் குறைவு. வரி இப்படி இருக்கும்:

மொத்தம் = மொத்தம் + அவெய்ட் படி(மானி)

ஒரே த்ரெட்தானே, பூட்டு எதற்கு என்று தோன்றும். ஆனால் இந்த வரியில் ‘மொத்தம்’ முதலில் படிக்கப்படுகிறது, அதன் பிறகுதான் ‘அவெய்ட்’. மொத்தம் 12.4 மிமீ என்று இரண்டு டாஸ்க்குகள் படித்துக்கொண்டு தூங்கப் போகின்றன. ஒன்று 0.6 கொண்டுவந்து 13.0 என்று எழுதும். மற்றது 0.4 கொண்டுவந்து, தான் முன்பு படித்த 12.4ஓடு கூட்டி 12.8 என்று எழுதும். வரவேண்டியது 13.4. ‘+=’ போட்டாலும் இதே கதிதான்.

அளவை முதலில் ஒரு மாறியில் வாங்குங்கள், அடுத்த வரியில் கூட்டுங்கள். கூட்டும் வரியில் ‘அவெய்ட்’ இல்லாதவரை குறுக்கே யாரும் வர முடியாது. படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே ‘அவெய்ட்’ தவிர்க்கவே முடியாது என்றால்தான் பூட்டு.

## “எஸ்எம்எஸ் சில நாள் போகுது, சில நாள் போகல”

மழை தெரிந்ததும் குறுஞ்செய்திக்கு ஒரு டாஸ்க் உருவாக்கி, திரும்பிப் பார்க்காமல் போயிருப்பீர்கள். ஈவென்ட் லூப் டாஸ்க்கை இறுக்கிப் பிடித்துவைப்பதில்லை. பலவீனமான சுட்டுதான் வைத்திருக்கும். வேறு யாரும் பிடித்திருக்காவிட்டால், யாரும் பிடித்திராத மெமரியைப் பைத்தான் குப்பையாக அள்ளும்போது பாதி ஓடிய டாஸ்க்கும் சேர்ந்து போகலாம். ‘டாஸ்க் வாஸ் டெஸ்ட்ராய்டு பட் இட் இஸ் பெண்டிங்’ என்ற வரி பதிவில் இருந்தால் இதுதான். ஒரு ‘செட்’ வைத்து அதில் டாஸ்க்கைப் போடுங்கள். முடிந்ததும் தானே நீங்கும்படி ‘ஆட் டன் கால்பேக்’கில் அந்தச் செட்டின் ‘டிஸ்கார்ட்’டைக் கொடுங்கள்.

டாஸ்க் தொலையவில்லை, பிழையில் விழுந்தது, ஆனால் யாரும் பார்க்கவில்லை என்பது அடுத்த சாத்தியம். ‘டாஸ்க் எக்ஸெப்ஷன் வாஸ் நெவர் ரிட்ரீவ்டு’ என்ற செய்தி, அந்த டாஸ்க் குப்பைக்குப் போகும்போதுதான் வரும். செட்டிலோ பட்டியலிலோ பிடித்து வைத்திருந்தால் நிரல் மூடும்வரை வராமலே இருக்கலாம். எனவே அதே கால்பேக்கில் ரத்தானதா என்று பார்த்து, இல்லையென்றால் ‘எக்ஸெப்ஷன்’ கேட்டு வாங்கிப் பதிவில் எழுதுங்கள்.

‘கேதர்’ருக்கு ‘ரிட்டர்ன் எக்ஸெப்ஷன்ஸ்’ போட்டவர்களும் இங்கே மாட்டுவார்கள். பிழைகள் பதில் பட்டியலில் சாதாரண மதிப்பாக வந்து உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றும் பிழையா, எண்ணா என்று பார்க்காவிட்டால் 48ல் 5 தவறியது யாருக்கும் தெரியாது.

## “ஒண்ணு விழுந்தா எல்லாம் விழுது”

அல்லது அதன் மறுபக்கம்: ஒன்று விழுந்த பிறகும் மற்றவை பின்னால் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கருவிகளின் குணம் வேறு வேறு. ‘கேதர்’ முதல் பிழையை உடனே மேலே அனுப்பும், மற்ற டாஸ்க்குகளை நிறுத்தாது. 3.11இல் வந்த ‘டாஸ்க்குரூப்’ ஒன்று விழுந்தால் மற்றவற்றை ரத்துசெய்து, எல்லாம் அடங்கும்வரை காத்திருந்து, பிழைகளை ஒரு ‘எக்ஸெப்ஷன் குரூப்’பாகத் தரும், அதைப் பிடிக்க நட்சத்திரம் போட்ட ‘எக்ஸெப்ட்’ வேண்டும்.

மழைமானிகள் ஒன்றையொன்று நம்பியிருப்பவை அல்ல. வெள்ளக்கடை மோடம் செத்ததற்காக நாகலூர் அளவை இழக்கக் கூடாது. எனவே ‘டாஸ்க்குரூப்’ வைத்து, ஒவ்வொரு மானியின் ஃபங்ஷனுக்குள்ளேயே டைம்அவுட், இணைப்புப் பிழைகளைப் பிடித்து ‘அளவு இல்லை, காரணம் இது’ என்று திருப்பித் தருவதுதான் எங்கள் பரிந்துரை. எதிர்பார்த்த பிழை உள்ளேயே அடங்கும். எழுத்துப்பிழை, இல்லாத மாறி மாதிரி எதிர்பாராதது குழுவையே நிறுத்தும். அது நிறுத்தத்தான் வேண்டும்.

## “நாள் ஆக ஆக மெமரி ஏறுது”

‘வெய்ட்’ என்ற ஃபங்ஷனுக்கு டைம்அவுட் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். நேரம் முடிந்ததும் அது பிழை தராது, எதையும் ரத்தும் செய்யாது. முடிந்தவை ஒரு பக்கம், முடியாதவை ஒரு பக்கம் என்று பிரித்துத் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். முடியாதவற்றை நீங்கள் ரத்துசெய்யாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் நாலைந்து சேரும், ஒவ்வொன்றும் ஒரு சாக்கெட்டைப் பிடித்திருக்கும். சில நாளில் ‘டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்’ வரும். வரம்பை 1024இலிருந்து ஏற்றினால் அந்த நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். சுற்றின் முடிவில் ‘ஆல் டாஸ்க்ஸ்’ எண்ணிக்கையைப் பதிவில் எழுதிவந்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும்.

## “ஒரு நாளைக்கு 288 வரி வரணும், 257தான் இருக்கு”

வேலையை முடித்துவிட்டு 300 நொடி தூங்குகிறீர்கள். வேலைக்கு 36 நொடி ஆனால் சுற்று 336 நொடி. 86,400ஐ 336ஆல் வகுத்தால் 257. அடுத்த சுற்றின் நேரத்தை லூப்பின் ‘டைம்’ மதிப்பில் முன்கூட்டியே குறித்து, மீதி நேரம் மட்டும் தூங்குங்கள். குறித்த நேரம் கடந்துவிட்டால் அந்தச் சுற்றைத் தவிர்த்து அடுத்ததற்குப் போங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக ஓட விடாதீர்கள்.

## “அப்படியே தொங்குது, பிழையும் இல்ல”

சிபியு பயன்பாட்டைப் பாருங்கள். 100 சதவீதம் என்றால் ஏதோ ஒரு சுற்று வழிவிடாமல் ஓடுகிறது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் யாரோ வராத ஒன்றுக்காகக் காத்திருக்கிறார்கள். அல்லது மறிக்கும் அழைப்பு ஒன்று டைம்அவுட் இல்லாமல் நெட்வொர்க்கில் நிற்கிறது. பைத்தான் 3.14 என்றால், ஓடும் பிராசஸின் எண்ணைக் கொடுத்து ஏசிங்க்ஐஓவின் ‘பிஎஸ்ட்ரீ’ கட்டளையை ஓட்டினால் எந்த டாஸ்க் எதற்காகக் காத்திருக்கிறது என்று மரமாகக் காட்டும். பழைய பதிப்பு என்றால் ஒரு சிக்னல் வந்ததும் ‘ஆல் டாஸ்க்ஸ்’ஸில் உள்ள ஒவ்வொன்றின் ‘பிரிண்ட் ஸ்டாக்’கையும் எழுதும் வரிகளை முன்பே நிரலில் வைத்திருங்கள். தூங்கும் கொரூட்டீனுக்கு ஒரே ஒரு அடுக்குதான் காட்டும். பெயர் வைத்திருந்தால் அதுவே போதும். லூப்பே மறிக்கப்பட்டிருந்தால் அந்த வரிகளும் ஓடாது. அப்போது வெளியிலிருந்து பார்க்கும் ‘பை-ஸ்பை’ கருவியின் ‘டம்ப்’தான் வழி.

அதிகம் தொங்குவது, வேலைகளை வரிசையில் வைத்து வேலைக்கார டாஸ்க்குகளுக்குத் தரும் ‘கியூ’வில். ‘கியூ’வின் ‘ஜாயின்’, எடுத்த ஒவ்வொரு பொருளுக்கும் ‘டாஸ்க் டன்’ அழைக்கும்வரை விடாது. வேலைக்காரன் டாஸ்க் பிழையில் விழுந்து அந்த வரியைத் தாண்டிவிட்டால் ‘ஜாயின்’ காலத்துக்கும் நிற்கும். ‘டாஸ்க் டன்’ எப்போதும் ‘ஃபைனலி’யில் இருக்கட்டும். வேலைக்காரர்கள் எல்லோரும் செத்து, கியூவின் உச்ச அளவும் நிரம்பினால், உள்ளே போடுபவரும் ‘புட்’டிலேயே நின்றுவிடுவார். போடுபவரையும் எடுப்பவர்களையும் ஒரே ‘டாஸ்க்குரூப்’பில் வைத்தால் ஒருவர் விழும்போது மற்றவர் தொங்க மாட்டார்.

## “நிறுத்தச் சொன்னா ஒன்றரை நிமிஷம் ஆகுது”

லினக்ஸில் சேவைகளை நடத்தும் ‘சிஸ்டம்டி’ முதலில் ‘நின்றுவிடு’ என்று சொல்லும் சிக்-டெர்ம் சிக்னலை அனுப்பும், இயல்பாக 90 நொடி பொறுக்கும், பிறகு சிக்-கில்லால் கொன்றுவிடும். 90 நொடி ஆகிறதென்றால் ரத்துக் கோரிக்கையை யாரோ விழுங்குகிறார்கள். ‘கேன்சல்’ என்பது கோரிக்கை மட்டுமே. டாஸ்க் அடுத்த ‘அவெய்ட்’டில் ‘கேன்சல்டு எரர்’ ஆக அதைப் பெறும். 3.8 முதல் அது ‘எக்ஸெப்ஷன்’ வகையின் கீழ் வராது, ‘பேஸ் எக்ஸெப்ஷன்’ கீழ் வரும். ஆகவே ‘எக்ஸெப்ட் எக்ஸெப்ஷன்’ அதைப் பிடிக்காது. வகை எழுதாத வெறும் ‘எக்ஸெப்ட்’ பிடித்துவிடும். ‘வைல் ட்ரூ’ சுற்றுக்குள் அப்படி ஒன்று இருந்தால், நிறுத்தச் சொன்னதையும் இன்னொரு நெட்வொர்க் பிழையாக நினைத்து மறுபடி முயன்றுகொண்டே இருக்கும். ‘டைம்அவுட்’டும் ‘டாஸ்க்குரூப்’பும் உள்ளே இதே ரத்தை வைத்துத்தான் இயங்குகின்றன, விழுங்கினால் அவையும் கெடும். பிடித்தே ஆக வேண்டும் என்றால், சுத்தம் செய்துவிட்டு ‘ரெய்ஸ்’ போட்டு மேலே விடுங்கள்.

மாறாக, உடனே நின்றுவிடுகிறது ஆனால் கடைசிச் சுற்றின் அளவுகள் டேட்டாபேஸில் இல்லை என்றால், சிக்-டெர்முக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. 3.11 முதல் ‘ரன்’ கன்ட்ரோல்-சியை மட்டும் கவனித்து முதன்மை டாஸ்க்கை ரத்துசெய்யும்; சிக்-டெர்ம் வந்தால் ‘ஃபைனலி’ எதுவும் ஓடாமல் பிராசஸ் செத்துவிடும். லினக்ஸில் லூப்பின் ‘ஆட் சிக்னல் ஹேண்ட்லர்’ கொண்டு முதன்மை டாஸ்க்கை ரத்துசெய்யுங்கள், எழுதாமல் மிஞ்சியதை ‘ஃபைனலி’யில் எழுதுங்கள், அந்த எழுத்துக்கும் 20 நொடி டைம்அவுட் வையுங்கள். சரியானதா என்று பார்க்க, சுற்று நடந்துகொண்டிருக்கும்போதே சேவையை நிறுத்திப் பாருங்கள்: 20 நொடிக்கு மேல் பெரிதாக இழுக்காமல் நிற்க வேண்டும், நிறுத்துவதற்கு முன் பதிவில் ‘முடிந்தது’ என்று விழுந்த மானிகள் அத்தனையும் டேட்டாபேஸில் இருக்க வேண்டும்.